வேலப்பாடி கேரியர் அக்கா: சாப்பாட்டுக்கு 4 நட்சத்திரம், திரும்பி வந்த பாத்திரத்தைப் பார்த்ததற்கு 5

வேலூரில் இருக்கிற வயதான சொந்தக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கேரியரில் கட்டி அனுப்புகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் ஆடியில் ஆரம்பித்து 6 மாதமாக வாங்குகிறோம். சாப்பிடுவது என் அத்தையும் சித்தப்பாவும். நான் பூந்தமல்லியில் இருக்கிறேன், மாதம் ஒன்றிரண்டு முறை போகும்போது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், அதனால் ருசியைப் பற்றியும் சொல்ல முடியும். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வேலப்பாடியில் ஒரு சந்துக்குள், வீட்டு மாடிப்படிக்குக் கீழே 2 கேஸ் அடுப்பு, பின்பக்கம் ஒரு விறகடுப்பு, சுவரோரம் வரிசையாக அடுக்கு கேரியர்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஆணியால் கீறிய எண். நடத்துகிற அம்மாவுக்கு 50 வயதுக்கு மேல் இருக்கும், தெருவில் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் கேரியர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் சி.எம்.சி ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்குகிற வெளியூர்க்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். வேலூர்க்காரர்களுக்கு இது புரியும், அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள், கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கும், பாதிப் பேர் அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்வார்கள். கொரோனா சமயத்தில் அந்த வியாபாரம் நின்றுபோனது. தெருவில் இருந்த 2 பெரியவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஆரம்பித்து, அப்படியே இதுவே வேலையாகிவிட்டது. இப்போது 30 கேரியர், அதற்கு மேல் எடுப்பதில்லை. போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

1 கேரியர் 90 ரூபாய். வேலப்பாடி, தொரப்பாடி, பாகாயம் பக்கமென்றால் கொண்டுபோய்க் கொடுக்கத் தனிக் காசு இல்லை, சத்துவாச்சாரிக்கு 40 ரூபாய் கூடுதல், பாலாற்றைத் தாண்டி காட்பாடிப் பக்கம் அனுப்புவதே இல்லை. முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள் சொன்னால்தான் மறுநாள் நிறுத்த முடியும். ஞாயிற்றுக்கிழமை லீவு. இதெல்லாம் சாதாரண விஷயம். ஆனால் சேரும்போது அக்கா ஒரு நிபந்தனை போட்டார், அது எனக்குப் புதிதாக இருந்தது. பணம் யார் கட்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. "நான் போன் பண்ணா எடுக்கிற ஆள் யாரு? அந்த நம்பரைக் குடும்மா" என்றார். சொந்தத்தில் ஒரு ஆள், பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் போனை எடுக்கிற ஆள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அக்கா கேரியர் அனுப்ப ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஆள் நான்தான் என்று சொன்னேன். எதற்கு இது என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் மொத்தம் 6 பேர், இப்போது இருப்பது 2 பேர். அப்பாவுக்கு மூத்தவரான அத்தை, வயது 74, பிள்ளை இல்லை, மாமா போய்ப் பல வருஷமாகிறது, தொரப்பாடியில் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருக்கிறார். கடைசித் தம்பியான சித்தப்பா, 68, சத்துவாச்சாரியில் மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரோடும் இருக்கிறார். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமம். 1989-ல் வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் எங்களுக்கு டவுன் என்றால் இன்றைக்கும் வேலூர்தான். பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று நாங்கள் 11 பேர். ஓசூர், பெங்களூரு, சென்னை, ஒருத்தன் துபாய். ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் வரும்.

ஆடி மாதம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. கட்டுப் போட்டுவிட்டார்கள், வலது கை. உடனே குழுவில் எல்லோரும் பேசி ஆளுக்கு 300 ரூபாய் என்று முடிவு பண்ணினோம். முதலில் ஒரு சாப்பாட்டு ஆப்பில்தான் போட்டோம். வருகிற பையன் கீழே கேட்டிலிருந்து போன் அடிப்பான், அத்தைக்கு இடது கையில் போனை எடுக்கத் தெரியாது, ஓடிபி என்றால் என்னவென்று தெரியாது, மூன்றாம் நாள் சாப்பாடு கேட்டிலேயே தொங்கி நாய் இழுத்துப் போட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் அத்தைக்குப் பக்கத்து வீட்டில் பூக்கட்டுகிற அம்மா மூலமாகக் கேரியர் அக்கா கிடைத்தார்.

சரி, சாப்பாடு. 4 அடுக்கு. கீழே சாதம், அதற்கு மேல் குழம்பு, அதற்கு மேல் ரசம், உச்சியில் கூட்டோ பொரியலோ. மோர் தனியாகச் சின்னத் தூக்கில். செவ்வாய்க்கிழமை கீரைக் கடைசல், மத்தில் கடைந்தது, மிக்ஸியில் போட்டது இல்லை, நாக்கில் வைத்தால் தெரியும். வியாழன் கொள்ளு ரசம். வாரத்தில் ஒரு நாள் முள்கத்திரிக்காய் போட்ட காரக்குழம்பு. இலவம்பாடிக் கத்திரிக்காய் என்று ஊரில் சொல்வோமே, காம்பிலும் மேல்தோட்டிலும் முள் இருக்கும், 2023-ல் வேலூர் முள்கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடுகூட வாங்கியது, அதைத்தான் அக்கா நேதாஜி மார்க்கெட்டில் காலையிலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். விதை அதிகம் இருக்காது, சதைப்பிடிப்பு, குழம்பில் கரையாமல் அப்படியே எண்ணெய் மினுக்கோடு கிடக்கும். அத்தை முதல் நாள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணி, "இன்னாடி, நம்ம அம்மா வச்ச மாதிரியே இருக்குது" என்றார். அத்தை சுலபத்தில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

சனிக்கிழமை களி. கேழ்வரகுக் களி, கீரையோ கருவாட்டுக் குழம்போ. இதற்காகத்தான் அந்த விறகடுப்பு. களி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், ஒருத்தருக்கு மட்டும் களி கிண்ட முடியாது. ஒரு உருண்டைக்கு மாவு போட்டால் கட்டி தட்டும், துடுப்புக்கு அசையாது, பானைக்கும் கிடையாது வாய்க்கும் கிடையாது. 5 பேர், 6 பேர் இருக்கிற வீட்டில்தான் அது களியாக வரும். அதனால் தனியாக இருக்கிறவர்கள் முதலில் விடுவது களியைத்தான். அத்தை களி சாப்பிட்டே 9 வருஷம் ஆயிற்று என்று சொன்னபோது எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது, ஏனென்றால் அந்த 9 வருஷத்தில் நான் எத்தனையோ முறை அவர் வீட்டுக்குப் போய் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், உங்களுக்கு என்ன சாப்பிட ஆசை என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இப்போது திரும்பி வரும் பாத்திரம்.

மறுநாள் கேரியர் கொடுக்க வருகிற பையன் முந்தின நாள் காலிக் கேரியரை வாங்கிக்கொண்டு போவான். எல்லா மெஸ்ஸிலும் அப்படித்தான். ஆனால் இங்கே அக்கா அதைக் கழுவப் போடும் முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார். எண்ணைப் பார்க்கிறார், எந்த அடுக்கில் என்ன மிச்சம் என்று பார்க்கிறார், ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்கிறார். "நாம போட்டதைச் சாப்பிட்டாங்களான்னு தெரிய வேணாமா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தையின் கேரியர் எண் 17. அது ஒரு நாள்கூட வெறுமனே திரும்பிப் போனதில்லை. பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அத்தைக்கு ரத்தத்திலேயே ஊறிய விஷயம். ஒற்றைக் கையால் கழுவி, உள்ளே 2 எலுமிச்சம்பழம், இல்லையென்றால் ஒரு பிடி கறிவேப்பிலை, ஒரு நாள் ஒரு முழம் முல்லை. அக்கா அதைச் சொல்லும்போது முகமே மாறும்.

நாங்கள் எல்லோரும் அத்தைதான் தனிமையில் வாடுகிறார் என்று முடிவு கட்டி வைத்திருந்தோம். உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் ஒரு அறிக்கை வெளியிட்டது, உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று. பெங்களூரு தம்பி அதைக் குழுவில் போட்டு, நம்ம அத்தையைப் பாருங்கள் என்று எழுதினான். இராணிப்பேட்டையில் வக்கீலிடம் வேலை பார்க்கிற இன்னொருத்தன், பிள்ளை இல்லாத பெரியவர்களை அவர்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் பராமரிக்க வேண்டும் என்று 2007-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது என்றான். அத்தைக்குச் சொத்து என்று ஒன்றும் இல்லை, அதனால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் 6 மாதம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் அத்தை நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற பெண்ணை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்து அவள் மாமியார் கதை வரைக்கும் கேட்டு வைத்திருக்கிறார். வயதானவர்களுக்கு ரேஷன் சாமானை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது, வீட்டுக்கு வந்தால் வாங்கிக்கொள்வார், ஆனாலும் பக்கத்து வீட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போகும்போது துணைக்கு என்று தானும் கிளம்பிவிடுவார். சாயங்காலம் 4 பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள், அதில் அத்தைக்கு ஒரு இடம் உண்டு. தனியாக இருக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

சித்தப்பாவுக்குக் கேரியர் சேர்த்தது தற்செயலாக. புரட்டாசியில் மருமகளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன், அவள் 20 நாள் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டியதாயிற்று. சித்தப்பா மகனான தம்பிக்கு ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். 20 நாளைக்கு மட்டும் ஒரு கேரியர் போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். எண் 26.

ஐந்தாம் நாள் பகல் 3 மணிக்கு அக்காவின் போன். "26-ல சாதம் பாதி அப்படியே வருதும்மா. கூட்டு தொடறதே இல்ல. ரசத்தை மட்டும் ஊத்திச் சாப்பிடறாரு. உடம்பு சரியில்லையா, சாப்பாடு புடிக்கலையா, இல்ல ஒண்டியா உக்காந்து சாப்பிட மனசு வரலையா, இன்னான்னு பாத்துக்கோங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "அவரு ஒண்டி இல்லக்கா, வீடு நிறைய ஆளு" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மத்தியானம் 1 மணிக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவன் நல்லவன், அப்பாவை ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்துக்கொள்கிறான். "அப்பாவுக்கு என்ன, காலையில பஸ் ஸ்டாப் பக்கம் போவாரு, மத்தியானம் வந்து சாப்பிடுவாரு, படுப்பாரு, சாயங்காலம் திரும்ப பஸ் ஸ்டாப். பழக்கம்தானே" என்றான்.

சித்தப்பா 28 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அதில் பெரும்பகுதி வேலூர்-திருவண்ணாமலை வண்டி. கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் என்று அந்த ரூட்டில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேரிடம் பேசியிருப்பார். 2015-ல் ரிடையர் ஆனார். அதற்கப்புறம் சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார், யாராவது ஆற்காடு போகிற பஸ் எது, பாகாயம் போகிற பஸ் எது என்று கேட்டால் சொல்வார், ஏற்றிவிடுவார். குடும்பத்தில் நாங்கள் எல்லோரும் அதை அவருடைய சந்தோஷமான பொழுதுபோக்கு என்று பேசிச் சிரிப்போம். அக்கா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, தன்னிடம் ஏதாவது கேட்கிற ஒரு ஆளைத் தேடித்தான் அவர் அங்கே போய் நிற்கிறார் என்று.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் 1999-ல் வேலூரில் கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா வாரத்தில் 2 நாள் ஊரிலிருந்து கேரியர் கட்டி, கண்ணமங்கலம் ஸ்டாப்பில் சித்தப்பா வண்டி வரும்போது கையில் கொடுத்துவிடுவார். வண்டியில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது அவருடைய சீட்டுக்கு அடியில், டிக்கெட் பை பக்கத்தில்தான் வரும். வேலூர் பஸ் ஸ்டாண்டில் நான் போய் வாங்கிக்கொள்வேன். அடுத்த நடையில் காலிக் கேரியரைத் திருப்பிக் கொடுப்பேன், அவர் அதை ஆட்டிப் பார்ப்பார், "சாப்ட்டியா, இல்ல பசங்களுக்குக் குடுத்துட்டியா" என்று கேட்பார். 3 வருஷம். ஒரு தடவை நான் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் போனதற்கு டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டார், எனக்கு ஜுரம். அந்த மனுஷனுக்கு நான் பதிலுக்குச் செய்தது தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை, மாதம் ஒரு போன். அந்தப் போனும் வரவர 2 நிமிஷமாகக் குறைந்துவிட்டிருந்தது. "ஆங்... சரி சரி... நல்லா இருக்கேன்... வச்சிடறேன்" என்பார். வயதாகிவிட்டது, பேச இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். காட்பாடியில் இறங்கி, சத்துவாச்சாரி போய்ச் சேரும்போது 12:30. சித்தப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், கேரியர் எதிரில் பிரிக்காமல் இருந்தது. "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார், பார்த்ததும் அவர் கண் கலங்கியதை நான் மறக்க மாட்டேன். 2 பேரும் ஒரே கேரியரைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்குக் கூட்டும் காலி, களியும் காலி.

அடுத்த வாரமே தம்பியும் நானும் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். காதில் அழுக்கு அடைத்திருந்தது, அதை எடுத்த பிறகு கேட்கும் திறனைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். வயதாகும்போது காது மங்குவது பெரும்பாலும் மெல்லிய, கீச்சுக் குரல்களில்தான் ஆரம்பிக்குமாம். ஆண் குரல் ஓரளவு கேட்கும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் தேய்ந்துபோகும், சத்தம் வருவது தெரியும் ஆனால் சொல் பிரியாது. டாக்டர் இதைச் சொன்னபோது தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் சித்தப்பாவிடம் அதிகம் பேசுகிறவர்கள் மருமகளும் 7 வயதுப் பேத்தியும்தான். பேத்தி ஏதோ கேட்பாள், இவருக்குப் புரியாது, ஒரு முறை இரண்டு முறை "இன்னா, இன்னா" என்பார், பிறகு கேட்பதற்கே கூச்சப்பட்டு சும்மா தலையாட்டுவார், தாத்தா பேச மாட்டேங்கிறார் என்று அது விளையாடப் போய்விடும். போனில் என் குரலும் அப்படித்தான் போயிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் மட்டும் ஊர்ப் பேரை யார் சொன்னாலும், உதட்டைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடும், 28 வருஷப் பழக்கம்.

யாரும் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மருமகள் காலையிலேயே சமைத்து ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் அவள் சமைத்த சாப்பாடு தினமும் எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சித்தப்பாவே தட்டைக் கழுவி, மிச்சத்தைத் தெரு நாய்க்கு வைத்துவிடுவாராம். அக்காவிடம் மட்டும் அதைச் செய்ய முடியவில்லை. அடுத்தவர் பாத்திரம், அவர்கள் சாப்பாடு, கொட்ட மனசு வராமல் அப்படியே மூடி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் வெளியே தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததும் அக்காவின் யோசனைதான். 20 நாள் முடிந்து கேரியரை நிறுத்தலாமா என்று கேட்டபோது, "சத்துவாச்சாரிக்கு ஆட்டோ 40 ரூபா கட்டிக்கினு இருக்கீங்க. அவருக்கு அங்க ரெண்டு காலும் நல்லா இருக்குது. வாரத்துல 3 நாளு ரெண்டு கேரியரையும் 17 வூட்டுக்கே அனுப்பறேன், அவரு பஸ் ஏறி வந்து அவங்க அக்காவோட உக்காந்து சாப்பிடட்டும்" என்றார். எங்கள் 11 பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அத்தையும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள், ஒரே ஊரில் 7, 8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்வதோடு சரி. ஊர் வீட்டைப் பாகம் பிரித்தபோது ஏதோ ஒரு வார்த்தை தடித்துவிட்டது, சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் போக்குவரத்து குறைந்துபோனது. அந்தக் காலிமனையில் இப்போது வேலிக்காத்தான்தான் முளைத்திருக்கிறது.

முதல் நாள் அவர் போனபோது நான் கூட இருந்தேன். அத்தை வாசலிலேயே நின்று, "இன்னாடா, வழி மறந்துட்டுதா உனக்கு" என்றார். சித்தப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ, சிரித்தார். அத்தைக்குக் கை கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் பிடிமானம் வரவில்லை, அதனால் கேரியர் கொக்கியை சித்தப்பாதான் கழற்றினார். சாதத்தை அத்தை பரிமாறினார். முதலில் பேச்சே இல்லை. பிறகு ரசம் ஊற்றும்போது அத்தை சத்தமாக, நம் அம்மா ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுவாளா முழுசாகப் போடுவாளா என்று கேட்க, சித்தப்பா தோலோடு தட்டி என்று சொல்ல, இல்லை என்று அத்தை சொல்ல, அப்படியே ஒரு மணி நேரம் போனது. காது மெஷின் வந்தது அதற்கு 2 வாரம் கழித்துத்தான். முதல் 10 நாள் அது அவருக்குத் தொல்லையாகத்தான் இருந்தது, தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள், இப்போது காலையில் போட்டால் சாயங்காலம் வரை போட்டிருக்கிறார்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். உப்பு எப்போதும் ஒரு கல் குறைவு, பெரும்பாலும் பிரஷர்க்காரர்கள் என்பதால் வேண்டுமென்றேதான் போடுகிறார், ஆனால் சித்தப்பாவுக்கு அது பெரிய குறை. கேரியர்கள் பழையவை, சிலவற்றில் ரச அடுக்கின் மூடி இறுக்கமாக இல்லை, 2 முறை ரசம் சிந்திச் சாதத்தில் இறங்கிவிட்டது. சனிக்கிழமை களி 1 மணிக்குள் வந்தால்தான் நன்றாக இருக்கும், ஆறினால் கல்லாகிவிடும், கொண்டுவருகிற பையன் தெருவெல்லாம் சுற்றி வருவதால் சில நாள் 1:30 ஆகிறது. நேராகப் போய் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் அதுதான் நல்லது. அப்புறம், அக்கா வீட்டில் விசேஷம் என்றால் 2, 3 நாள் திடீர் லீவு, மாற்று ஏற்பாடு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பான பத்தியச் சாப்பாடு தேவைப்படுகிறவர்களுக்கு இது சரிவராது, கிட்னி பேஷன்ட் ஒருவருக்குக் கேட்டபோது அக்காவே முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதுவும் நியாயம்தான்.

சமையற்கட்டுச் சுவரில் அந்த வாரத்துச் சமையல் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் 14567 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். பெரியவர்களுக்கான எல்டர்லைன் உதவி எண் அது, கட்டணம் இல்லை. போன் எடுக்கும் ஆள் என்று நம்பர் கொடுத்துவிட்டு மூன்று முறை எடுக்காதவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கேரியரில் வைத்து அனுப்புவாராம். அவர்களுக்குச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறீர்களா என்று கேட்டேன். "நிறுத்தறது எப்படிம்மா" என்றார்.

இப்போது பணம் கட்டுவதை மாதத்துக்கு ஒருவர் என்று 11 பேரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறோம், கூடவே அந்த மாதம் அக்காவின் போனை எடுப்பதும் அவர்தான். துபாய்க்காரனுக்கு மார்கழி வந்தது. அக்கா அவனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய செய்தியை அவன் குழுவில் போட்டான், 17-ல் எலுமிச்சம்பழம் வந்தது, 26-ல் கூட்டு காலி, இன்றைக்கு ஒன்றும் விசேஷம் இல்லை என்று இவ்வளவுதான். அதன் கீழே எல்லோரும் எழுதினார்கள். காலை வணக்கத்துக்கு அத்தனை பேர் ஒரு நாளும் பதில் போட்டதில்லை.

போன வாரம் அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். 26-ம் எண் கேரியரின் அடி அடுக்கு, நன்றாகக் கழுவித் துடைத்தது, உள்ளே 4 நெல்லிக்காயும் மடித்த ஒரு காகிதமும். காகிதத்தில் சித்தப்பாவின் கையெழுத்து, டிக்கெட் கணக்கு எழுதுகிற அதே சின்னச் சின்ன எழுத்து: "வர்ற சனி 3 பேர். களி 5 உருண்டை. பேரன் வரான். உப்பு கொஞ்சம்."

படத்துக்குக் கீழே அக்கா கேட்டிருந்தார்: "பையனுக்கு 13 வயசுன்னு சொன்னீங்க, 5 போதுமா, 6 போடட்டா?"